மொட்டை மாடியில் கேஸ் கீசர்: குற்றாலச் சாரல் காற்றுக்கு எங்கே வைப்பது, எப்படிப் பராமரிப்பது?

சாரல்வீடு:

ஐந்தருவி ரோட்டுப் பக்கம் ஒரு விடுதி. தரைத்தளமும் அதற்கு மேல் இரண்டு மாடியும், மொத்தம் 16 அறை. குற்றாலத்துக்கு வந்துவிட்டு வெந்நீரா என்று சிரிக்க வேண்டாம். வெள்ளம் வந்து அருவியில் குளிக்கத் தடை போட்ட நாளில் எல்லா அறையிலும் வெந்நீர் கேட்பார்கள். வயசானவர்களும் கைக்குழந்தைக்காரர்களும் எந்த நாளும் கேட்பார்கள். இப்போது அறைக்கு அறை கரண்ட் கீசர். சீசனில் காலை ஆறு மணிக்கு எல்லாரும் ஒரே நேரத்தில் போட்டால் மெயின் விழுந்துவிடுகிறது.

பிளம்பர் சொல்லும் திட்டம் இது. மாடிப்படிக் கூண்டை ஒட்டி 8க்கு 6 அடியில் ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் போட்ட ஷெட் இருக்கிறது. அதன் சுவரில் 6 லிட்டர் கேஸ் கீசர் நான்கு. அதே ஷெட்டுக்குள் சிலிண்டர், ரப்பர் ஹோஸில் டி போட்டு நான்குக்கும் இணைப்பு. தண்ணீர் டேங்க் பக்கத்திலேயே 4 அடி மேடையில் நிற்கிறது. திறந்த மாடி என்பதால் புகைக்குழாய் தேவையில்லை என்கிறார். ஒரு பழைய கேஸ் கீசரை அங்கே மாட்டிப் பார்த்தோம். பற்றும்போது 'டப்' என்று சத்தம், ஜுவாலை மஞ்சளாக எரிகிறது.

இது சரியான ஏற்பாடுதானா? சிலிண்டர் மேலேயா கீழேயா? புகைக்குழாய் வேண்டுமா? வருஷத்துக்கு ஒருமுறை என்னென்ன பார்க்க வேண்டும்?

பாளை பிட்டர்:

அண்ணாச்சி, கீசர் மாடியில இருக்கலாம், சிலிண்டர் மாடியில வேண்டாம். எல்பிஜி காத்தைவிட ஒன்றரை மடங்குக்கு மேல கனம். கசிஞ்சா மேல பறந்து போயிராது. வாட்டம் எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் தண்ணி மாதிரி தரையோட ஓடும். உங்க தட்டட்டியில வாட்டம் எங்க போவுது? மழைத்தண்ணி குழாய்க்கு. கூண்டுக் கதவு திறந்து கிடந்தா மாடிப்படிக்கு. சுத்திக் கைப்பிடிச்சுவர் வேற இருக்கதால சீக்கிரம் கலையாது. ராத்திரி கசிஞ்ச கேஸ் படியில இறங்கி ரெண்டாம் மாடி வராந்தாவுல நிக்கும். காத்துல நூத்துக்கு ரெண்டு பங்கு சேர்ந்தாலே பத்திக்கிடும். விடியக்காலம் லைட் சுவிட்சைத் தட்டுததுக்கு ஒரு ஆள் வந்தாப் போதும்.

கீழ, கட்டடத்துக்கு வெளிய, வெயில் படாத இடமாப் பாத்து கம்பிவலைக் கூண்டு கட்டுங்க. சிலிண்டர் நிக்க வச்சுத்தான் இருக்கணும். படுத்தா ஆவிக்குப் பதிலா திரவமே குழாய்க்குள்ள வரும். கூண்டுக்கிட்ட சாக்கடை மூடி, சம்ப், பம்பு குழி எதுவும் இருக்கக் கூடாது, 3 மீட்டராவது தள்ளி இருக்கட்டும். சுவிட்ச் போர்டு, ஜெனரேட்டர், வண்டி நிறுத்துத இடம் இதெல்லாமும் விலகியே இருக்கணும். சிலிண்டர் ஏற்பாட்டுக்கு இந்தியத் தரம் ஐ.எஸ். 6044 முதல் பாகம். வேலை எடுக்கிறவர்ட்ட அதைப் படிச்சிருக்காரான்னு கேளுங்க, முழிச்சா வேற ஆளப் பாருங்க.

14.2 கிலோ வீட்டுச் சிலிண்டரை விடுதியில மாட்டுதது 2000-ஆம் வருஷத்து எல்பிஜி விநியோக ஆணைப்படி குத்தம். 19 கிலோ வணிகச் சிலிண்டர்தான். ஓரிடத்துல மொத்தம் 100 கிலோவைத் தாண்டினா 2016-ஆம் வருஷ கேஸ் சிலிண்டர் விதிப்படி பெசோ (பெட்ரோலியம், வெடிபொருள் பாதுகாப்பைப் பாக்குத மத்திய அரசு அமைப்பு) உரிமம் எடுக்கணும். அதனால ரெண்டு எரியுததும் ரெண்டு காத்திருக்கதுமா நாலு, அதாவது 76 கிலோ. கையில ஒண்ணு சேத்தாலும் 95-தான். காலிச் சிலிண்டர்லயும் கேஸ் மிச்சம் இருக்கும், வால்வை மூடித் தொப்பி மாட்டித்தான் வைக்கணும்.

எவ்வளவு செலவாகும்னு கேக்கல, ஆனா கணக்கு இதுதான். 25 டிகிரி தண்ணி 20 லிட்டரை 42 டிகிரிக்கு ஏத்த, கீசர் திறன் 84 சதவீதம்னு வச்சா, 37 கிராம் கேஸ் ஆகும். ஒரு காலையில அம்பது வாளின்னா கிட்டத்தட்ட 1.9 கிலோ. ஒரு சிலிண்டர் பத்து நாள் வரும். ஆனா நாலு கீசரும் ஒண்ணா எரிஞ்சா மணிக்கு 3.7 கிலோ இழுக்கும். ஒரு 19 கிலோ சிலிண்டர் தொடர்ந்து குடுக்குத ஆவி மணிக்கு அரை, முக்கால் கிலோதான். விட்டு விட்டு எடுத்தா கூடத் தாங்கும். சிலிண்டர் அடியில வேர்த்து வெள்ளையா பனி பிடிச்சா அளவுக்கு மேல இழுக்கியன்னு அர்த்தம். அப்போ அதுமேல சுடுதண்ணி ஊத்துதது, சாய்ச்சுப் போடுதது இதெல்லாம் வேண்டவே வேண்டாம். ரெண்டுக்குப் பதிலா மூணை ஒண்ணா மேனிஃபோல்டுல, அதாவது சிலிண்டர்களைச் சேர்க்குத பொதுக்குழாய்ல, எரிய விடுங்க, போதும்.

குழாய்: சி கிளாஸ் ஜி.ஐ., இல்லன்னா சீம்லெஸ் ஸ்டீல். அழுத்தத்தை ரெண்டு படியாக் குறைக்கணும். கீழ மேனிஃபோல்டுல ஒரு ரெகுலேட்டர் ஒரு பார் அளவுக்குக் குறைச்சு மேல அனுப்பும், மாடியில ரெண்டாவது ரெகுலேட்டர் அதை 30 மில்லிபாருக்குக் கொண்டு வரும். கீழயே 30-க்குக் குறைச்சுட்டு முக்கால் இஞ்சு குழாய்ல மேல ஏத்துனா, கேஸ் கனங்கிறதால 10 மீட்டர் உயரத்துக்கே 0.7 மில்லிபார் போயிரும், உரசல் இழப்பு தனி. நாலு கீசரும் எரியும்போது நாலாவது கீசர் சோம்பும். மேனிஃபோல்டுல ஒரு மெயின் வால்வு, மாடி நுழைவுல ஒண்ணு, கீசருக்கு ஒண்ணு, எல்லாமே கால் சுத்து பால் வால்வு.

குழாய் வெளிச்சுவர் மேலதான் ஏறணும். மாடிப்படிக்குள்ள, குளியலறை டக்டுக்குள்ள, பூச்சுக்குள்ள புதைச்சு, எதுவும் கூடாது. சுவரைத் துளைக்கிற இடத்துல பெரிய குழாய் உறை போட்டு அதுக்குள்ள விடுங்க. மாடியில தட்டோட்டைத் துளைச்சு கிளாம்ப் அடிக்காதீங்க, அடுத்த மழையில கீழ ஒழுகும். சின்ன கான்கிரீட் கட்டை வச்சு அதுமேல கிடத்துங்க. மரைக்கு கேஸுக்கான டெஃப்லான் டேப், சணலும் பெயின்டும் வேண்டாம்.

ரப்பர் ஹோஸ்ல டி போடுதது எந்த இடத்துலயும் தப்பு. குற்றாலத்துல ரெண்டு மடங்கு தப்பு. வெயில்ல வெடிக்கும்கிறது ஒரு பக்கம், குரங்கு இழுத்துப் பிச்சு எறியும்கிறது இன்னொரு பக்கம். கீசர் வரைக்கும் இரும்புக் குழாய், கடைசி அரை மீட்டருக்கு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் நெளிகுழாய். ஷெட்டுக்குக் கம்பிவலைக் கதவும் பூட்டும் போட்டுக்கிடுங்க, சாவி ரிசப்ஷன்ல தொங்கட்டும்.

சோதனை காத்துல அல்லது நைட்ரஜன்ல. ஆக்சிஜன் சிலிண்டரைக் கொண்டு வந்தான்னா வெளிய அனுப்பிருங்க. கீசரையும் ரெகுலேட்டரையும் கழட்டி வச்சுட்டு, ஏறுகுழாயை வேலை அழுத்தத்தோட ஒன்றரை மடங்குக்குக் குறையாம ஏத்தி ஒவ்வொரு மரையிலயும் சோப்பு நுரை தடவணும். மாடியில 30 மில்லிபார் பக்கத்துக்கு யு குழாய்தான் சரி: தெளிவான பிளாஸ்டிக் குழாய்ல பாதி தண்ணி விட்டு 500 மி.மீ. வித்தியாசம் வர்ற வரைக்கும் காத்தடிச்சு அரை மணி நேரம் பாக்கணும். இதை உச்சி வெயில்ல செய்யாதீங்க. மூடின குழாய்க்குள்ள காத்து ஒரு டிகிரி சூடானா யு குழாய்ல 35 மி.மீ. ஏறும். கசிவு இருந்தாலும் வெயில் அதை மறைச்சுரும், மேகம் வந்தா இல்லாத கசிவைக் காட்டும். விடியக்காலம் இல்லன்னா பொழுது சாஞ்ச பிறகு. சோதனை முடிஞ்சா குழாய் முழுக்க காத்து இருக்கும். அதைத் திறந்தவெளிக்கு மெள்ள விட்டுட்டுத்தான் கீசரைப் பத்த வைக்கணும். ஷெட்டுக்குள்ள விடக் கூடாது.

கணவாய்க்காற்று:

சிலிண்டர் பற்றி பாளை பிட்டர் சொன்னதில் மாற்றமில்லை. நான் புகைக்கு வருகிறேன், ஏனென்றால் இந்தத் திட்டத்தில் ஆளைக் கொல்லக்கூடிய இடம் அதுதான். கசிந்த கேஸுக்கு மணம் உண்டு, மெர்காப்டன் கலந்திருக்கிறார்கள். சரியாக எரியாத கேஸிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை, கண் எரிச்சலும் இல்லை. காற்றில் பத்து லட்சத்துக்கு 400 பங்கு இருந்தால் ஒன்றிரண்டு மணி நேரத்தில் தலைவலி. 1,600 பங்கு இருந்தால் இருபது நிமிடத்தில் தலைச்சுற்றலும் குமட்டலும். 12,800-க்குப் போனால் மூன்று நிமிடம் கூட வேண்டாம்.

'திறந்த மாடி' என்று உங்கள் பிளம்பர் சொல்வது ஷெட்டுக்குப் பொருந்தாது. நான்கு சுவரும் கூரையும் இருந்தால் அது அறை. 6 லிட்டர் கீசர் ஒன்று சுமார் 12 கிலோவாட் எரிக்கிறது. எல்பிஜி ஒரு பங்கு எரிய ஏறக்குறைய 28 பங்கு காற்று வேண்டும். நான்கும் எரிந்தால் மணிக்குக் குறைந்தது 48 கன மீட்டர். 8க்கு 6 அடி ஷெட்டில் மொத்தக் காற்றே பத்து கன மீட்டர் தேறாது. கதவை மூடி எரித்தால் கால் மணி நேரத்துக்குள் தன் புகையையே அது மூச்சாக இழுக்கும்; ஜுவாலை நீண்டு சோம்பலாகும், மோனாக்சைடு ஏறும். ஷெட் படிக்கூண்டை ஒட்டி இருப்பதால் அந்தப் புகை படி வழியாக அறைகளுக்கு இறங்கவும் வழி இருக்கிறது.

ஷெட்டை வைத்துக்கொள்வதானால் இரண்டு திறப்பு வேண்டும். பிரிட்டன் விதிமுறையில் வெளிக்காற்றுக்கு நேராகத் திறக்கும் துளைக்கு ஒரு கிலோவாட்டுக்குக் கீழே 10 சதுர செ.மீ., மேலே 5 சதுர செ.மீ. என்று கணக்கு. 48 கிலோவாட்டுக்குக் கீழே 480, மேலே 240. இது தடையில்லாத பரப்பு. கம்பிவலையும் லூவரும் பாதியை விழுங்கும், அதனால் இரட்டிப்பாக வெட்டுங்கள். கீழ்த் திறப்பு தரையோடு தரையாக இருக்கட்டும், கசிந்த கேஸ் வெளியேறவும் அதுதான் வழி. இரண்டு திறப்பும் ஒரே சுவரில் இருக்க வேண்டும். ஒன்று மேற்கிலும் ஒன்று கிழக்கிலும் வைத்தால், செங்கோட்டைக் கணவாய் வழியாக ஜூனில் வரும் காற்று ஒரு பக்கம் புகுந்து மறுபக்கம் பாயும். பர்னரை அணைக்கும், புகையைக் கீசருக்குள்ளேயே திருப்பி அடிக்கும்.

புகைக்குழாய் கீசருக்கு ஒன்று. நான்கையும் ஒரே குழாயில் சேர்க்கலாம் என்பார்கள், செலவு குறையும். ஆனால் ஒன்று மட்டும் எரிந்து மூன்று சும்மா இருக்கும்போது பெரிய குழாய் சூடேறாது, இழுவை இருக்காது. எரியும் கீசரின் புகை சும்மா இருக்கும் கீசர்களின் வழியாக ஷெட்டுக்குள் இறங்கும். தனித்தனிக் குழாய், கீசர் கழுத்தின் விட்டத்தைவிட எங்கும் குறுகாமல், முதல் வளைவுக்கு முன் 60 செ.மீ. நேர் ஏற்றம், பிறகு முடிந்தவரை செங்குத்து. 90 டிகிரி முழங்கையைத் தவிருங்கள், 45 இரண்டு போடுங்கள். ஜி.ஐ. தகடு வேண்டாம், ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் வாங்குங்கள்: ஒரு கிலோ எல்பிஜி எரிந்தால் 1.6 கிலோ தண்ணீர் ஆவியாக வெளியேறுகிறது. சாரலில் குளிர்ந்த குழாயில் அது உள்ளேயே வழிந்து, தகட்டை உள்ளிருந்து அரிக்கும். வெளியே பெயின்ட் பளபளவென்று இருக்கும், உள்ளே ஓட்டை. குழாயின் அடியில் நீர் வடிய ஒரு சின்ன வழி விடுங்கள்.

குழாயின் முனை எங்கே என்பதில்தான் நம் ஊர் காற்று விளையாடும். காற்று மோதும் மேற்குச் சுவரில் அழுத்தம் கூடும், கட்டடத்துக்குப் பின்புறம் சுழலும். தண்ணீர் டேங்குக்கும் படிக்கூண்டுக்கும் நடுவில் முனை நின்றால் காற்று மேலிருந்து கீழே உள்ளுக்குள் தள்ளும். அதனால் கூண்டின் தலை, டேங்கின் தலை இரண்டில் எது உயரமோ அதற்கும் மேலே 60 செ.மீ. ஏற்றி, தொப்பி போட்டு, மூன்று பக்கம் கம்பி இழுத்துக் கட்டுங்கள். பறவை புகாத வலை போதும், கொசுவலை போட்டால் கரி அடைத்துவிடும். ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டைத் துளைத்துக் குழாய் விடாதீர்கள். அந்தத் தூசி நுரையீரலுக்குக் கேடு, காற்றில் ஷீட் அந்தத் துளையில்தான் முதலில் விரியும். கூரையை ஜி.ஐ. ஷீட்டுக்கு மாற்றிவிட்டுத் துளையுங்கள்.

செலவு பார்க்காமல் சொல்வதானால், இந்த இடத்துக்குப் பொருத்தம் அறைக்காற்றைத் தொடாத மூடிய வகைக் கீசர். குழாய்க்குள் குழாயாக இருக்கும்; வெளிக்குழாய் வழியாகக் காற்று உள்ளே வரும், உள்குழாய் வழியாகப் புகை வெளியேறும். இரண்டும் ஒரே இடத்தில் திறப்பதால் காற்று எவ்வளவு அழுத்தினாலும் இரண்டையும் சமமாகவே அழுத்தும், ஜுவாலைக்கு வித்தியாசம் தெரியாது. விசிறி வைத்த வகைக்குக் கரண்ட் வேண்டும், இன்வெர்ட்டரில் இணைக்க வேண்டும், அவ்வளவுதான் குறை.

சாதாரண வகைதான் என்றால் மாட்டி முடித்ததும் ஒரு சோதனை செய்து பாருங்கள். காற்று பலமாக அடிக்கும் நாளில் ஷெட் கதவை மூடி, நான்கையும் பத்து நிமிடம் எரியவிட்டு, ஒவ்வொரு கீசரின் புகை வாயின் ஓரமாகவும் ஊதுபத்தியைச் சுற்றிக் காட்டுங்கள். புகை உள்ளே இழுபட வேண்டும். ஒரு இடத்தில் வெளியே தள்ளினாலும் அந்தக் கீசரை ஓட்டக் கூடாது. காற்றில்லாத நாளில் செய்த சோதனை குற்றாலத்துக்குச் செல்லாது.

குழாயடி:

கேஸையும் புகையையும் பார்த்தாச்சு, தண்ணீர்ப் பக்கத்தை யாரும் தொடவில்லை. இந்த வகைக் கீசர் தண்ணீர் ஓடினால்தான் பற்றும். உள்ளே டயாஃப்ரம் ஒன்று ஓட்டத்தை உணர்ந்து கேஸ் வால்வைத் திறக்கிறது. நிமிஷத்துக்கு இரண்டரை லிட்டருக்குக் கீழே போனால் பெரும்பாலான மாடல்கள் அணைந்துவிடும். உங்கள் டேங்க் மேடை 4 அடி, கீசரும் அதே மாடியில். தரைத்தள அறையில் குழாயைத் திறந்தால் டேங்கிலிருந்து அந்தக் குழாய் வரை உள்ள மொத்த உயரமும் தண்ணீரை இழுக்கும், கீசர் நன்றாகப் பற்றும். இரண்டாம் மாடி அறையில் ஷவரைத் திறந்தால் கிடைக்கும் உயரம் இரண்டு மூன்று மீட்டர், அதாவது 0.2, 0.3 பார். கீசருக்குள்ளேயே பாதி போய்விடும். மேல் மாடிக்காரர்களுக்குத்தான் வெந்நீர் வராது என்ற புகார் வரும். கீசரைக் குறை சொல்லிக் கழற்றிக்கொண்டிருப்பார்கள்.

தீர்வு, டேங்கிலிருந்து வரும் குழாயில் அரை எச்.பி. பிரஷர் பம்ப். அதை வெந்நீர் வரிக்கு மட்டும் போடாதீர்கள், பச்சைத் தண்ணீர் வரிக்கும் சேர்த்துப் போடுங்கள். ஒன்றில் அழுத்தம் கூடி மற்றதில் குறைந்தால் மிக்சரில் கலக்காது, ஒன்று மற்றதற்குள் திருப்பி ஏறும். கீசர் உள்வாயில் வடிகட்டி, நான்-ரிட்டர்ன் வால்வு, சேஃப்டி வால்வு மூன்றும் வேண்டும். வடிகட்டி அடைத்தாலும் இதே புகார்தான் வரும் என்பதால் கைக்கு எட்டும்படி வையுங்கள்.

வெந்நீர்க் குழாய் சூடு தாங்கும் சிபிவிசி பிளாஸ்டிக்காக இருக்கலாம்; ஆனால் கீசர் வெளிவாயிலிருந்து முதல் அரை மீட்டர் உலோகமாக இருக்கட்டும். பச்சைத் தண்ணீருக்கான சாதாரண பிவிசி வேண்டாம், 60 டிகிரியிலேயே தொய்ந்துவிடும். மாடி வெயிலில் கிடக்கும் நீளத்துக்கு நுரை உறையும் அதன் மேல் அலுமினியத் தாளும். முக்கால் இஞ்சு குழாய் மீட்டருக்கு மூன்றில் ஒரு பங்கு லிட்டர் பிடிக்கும். 15 மீட்டர் தள்ளிய அறைக்கு முதல் 5 லிட்டர் பச்சைத் தண்ணீர்தான் வரும். இதை அறையில் ஒரு சீட்டில் எழுதி ஒட்டுங்கள், வரவேற்பறைக்குப் பாதி போன் குறையும்.

சாரல்வீடு:

மூன்று பேருக்கும் நன்றி. சிலிண்டரைக் கீழே பின்பக்கத்துக்குக் கொண்டு போகிறோம். ஷெட் மாறும். பழைய கீசரின் மஞ்சள் ஜுவாலையும் 'டப்' சத்தமும் எதனால்? அதைச் சரி செய்து நாலில் ஒன்றாக வைக்கலாமா? எங்கள் போர் தண்ணீர் கொஞ்சம் உப்பு. சோலார் ஏற்கனவே இருக்கும் பக்கத்து விடுதிக்காரர் அதோடு கேஸைச் சேர்த்துவிடு என்கிறார்.

பாளை பிட்டர்:

மஞ்சள் ஜுவாலைக்கு முதல் சந்தேகம் குளவி. ஆமா, மண்குளவியும் சிலந்தியும். சும்மா கிடந்த கீசரோட பர்னர் வாயில, காத்தும் கேஸும் கலக்குத குழாய்க்குள்ள கூடு கட்டிரும். காத்து உள்ள போவாது, கேஸ் அரைகுறையா எரியும். மஞ்சளாகி, கரி மேல ஏறி, தண்ணி சூடாகுத செம்பு ரேடியேட்டரோட துடுப்புகளுக்கு நடுவுல அடைக்கும். அடைச்சா புகைக்கு வழி இல்ல, மோனாக்சைடு இன்னும் கூடும். ஒண்ணு இன்னொண்ணை வளர்க்கும். 'டப்' சத்தம், கேஸ் தேங்கினதுக்கு அப்புறம் தாமதமாப் பத்துததால. பேட்டரி வலு குறைஞ்சிருக்கும், இல்ல தீப்பொறிக் கம்பி இடைவெளி விரிஞ்சிருக்கும், இல்ல அதுக்குப் பக்கத்துல உள்ள பர்னர் துளை அடைச்சிருக்கும். பெரிய பேட்டரி ரெண்டையும் ஒண்ணா மாத்துங்க, சீசன் தொடங்குறதுக்கு முன்னாடி மாத்துனா அந்த வருஷத்துக்குப் போதும்.

சர்வீஸ் செய்யும்போது முறை இதுதான். கீசர் வால்வை மூடி, தண்ணி வால்வை மூடி, பேட்டரியைக் கழட்டி, ஆறவிட்டு முன்மூடியை எடுக்கணும். பர்னரை வெளிய எடுத்து மென்மையான பித்தளை பிரஷ்ல துளைகளைத் துடைச்சு, குழாய்க்குள்ள காத்தடிச்சு வெளிய தள்ளணும். கேஸ் பீச்சுத ஜெட்டுக்குள்ள ஊசி, கம்பி எதையும் விட்டுக் குத்தாதீங்க. அந்தத் துளை மில்லிமீட்டருக்குள்ள இருக்கது. ஊசி அதைப் பெருசாக்குனா கேஸ் கூடும், மஞ்சளும் கூடும், பிறகு என்ன செஞ்சாலும் நீலம் வராது. காத்தடிச்சும் சுத்தமாகலைன்னா அதே எண் ஜெட்டைப் புதுசா மாத்துங்க. பழைய கீசர் எல்பிஜிக்கானதான்னு பெயர்ப்பலகையில பாருங்க. குழாய் இயற்கை எரிவாயுவுக்கானதுன்னா ஜெட் பெருசு, எல்பிஜில ஓட்டவே கூடாது. பலகையில ஐ.எஸ். 15558 முத்திரை இருக்கணும்.

ரேடியேட்டரைக் கழட்டி, சோப்புத் தண்ணில ஊற வச்சு மேலிருந்து கீழ கழுவணும். மாட்டின நிலையிலயே பிரஷ் போட்டா கரி எல்லாம் பர்னர் மேல விழும். துடுப்பு நெளிஞ்சிருந்தா நேராக்குங்க. செம்பு கருத்து மெலிஞ்சு, பச்சை பூத்து, துளை விழுந்திருந்தா அந்தக் கீசரைத் தூக்கிப் போடலாம். டயாஃப்ரம் ரப்பர் விறைச்சிருந்தா மாத்துங்க, விலை அதிகமில்ல. அதுல ஓட்டைன்னா கீசர் பத்தாது. விறைச்சா தண்ணி நிறுத்தின பிறகும் எரியும், அதுதான் மோசம். குழாயை மூடின உடனே பர்னர் அணையுதான்னு ஒவ்வொரு சர்வீஸ்லயும் பாருங்க.

உப்புத் தண்ணிக்கு: லிட்டருக்கு 50 கிராம் சிட்ரிக் ஆசிட் கரைச்சு, சின்ன பம்பு வச்சு ரேடியேட்டருக்குள்ள முக்கால் மணி நேரம் சுத்த விடணும். நுரை நின்னா வேலை முடிஞ்சது. பிறகு நல்ல தண்ணில கழுவுங்க. கழிப்பறை கழுவுத ஆசிட் வேண்டாம், உப்போட சேத்துப் பித்தளையையும் தின்னுரும். போர் தண்ணி ஓடுத கீசருக்கு ஆறு மாசத்துக்கு ஒருக்க, ஆத்துத் தண்ணின்னா வருஷத்துக்கு ஒருக்க. வெப்பநிலைக் குமிழை முழுசாத் திருப்பி வைக்காதீங்க. 60 டிகிரிக்கு மேல போனாத்தான் உப்பு வேகமாப் படியும், குளிக்கவும் அவ்வளவு தேவையில்ல.

இன்னொண்ணு. ஷெட்டுல பிளீச்சிங் பவுடர், ஃபினாயில், ஜெனரேட்டர் பெட்ரோல், பழைய மெத்தை எதையும் அடுக்காதீங்க. பெட்ரோல் ஏன்னு தெரியும். பிளீச்சிங் ஆவி பர்னர் வழியா போனா அமிலமாகி ரேடியேட்டரையும் புகைக்குழாயையும் அரிச்சுரும். விடுதி மாடி ஷெட்டுன்னா பிளீச்சிங் மூட்டை இல்லாம இருக்காது, அதனாலதான் சொல்லுதேன்.

கணவாய்க்காற்று:

சோலார் பற்றி. நம் பகுதியில் வெந்நீர் கேட்கும் மாதங்களும் மேகம் மூடும் மாதங்களும் ஒன்று. ஆண்டு முழுக்கப் பார்த்தால் சோலார் லாபம்தான், ஆனால் சீசன் காலையில் கேஸுக்குத்தான் வேலை. சோலாரிலிருந்து 55, 60 டிகிரியில் வரும் தண்ணீரைச் சாதாரணக் கேஸ் கீசருக்குள் விடாதீர்கள். மேலும் சூடாகிக் கொதித்துவிடும், டயாஃப்ரமும் சீக்கிரம் போகும். சோலார் நீரை ஏற்கும் மாடல் என்று தயாரிப்பாளர் எழுதிக் கொடுத்திருந்தால் மட்டும் தொடராகச் சேர்க்கலாம். இல்லையென்றால் மூவழி வால்வு வைத்து, வெயில் நாளில் கீசரைத் தவிர்த்து நேராக அறைக்கு விடுங்கள்.

உண்மையில் 16 அறைக்கு நான் முதலில் விலை கேட்பது ஹீட் பம்பும் 1,000 லிட்டர் வெந்நீர் டேங்கும்தான். நம் வெப்பத்தில் ஒரு யூனிட் கரண்டுக்கு மூன்று யூனிட் சூடு தரும். இரவெல்லாம் மெதுவாகச் சூடாக்கி வைப்பதால் காலை ஆறு மணிக்கு மெயின் விழாது. புகையும் இல்லை, சிலிண்டரும் இல்லை. போடும்போது செலவு அதிகம் என்பதை மறைக்கவில்லை.

குழாயடி:

ஹீட் பம்ப் போட்டாலும் நீண்ட கரண்ட் வெட்டுக்குக் கேஸ் ஒன்று வேண்டும் என்று கேட்பார்கள், அதனால் இங்கே பேசியது வீணாகாது.

சாரல்வீடு:

ஹீட் பம்ப் விலையும் கேட்கிறேன். இரண்டு கேள்வி பாக்கி. அலாரம் வைப்பதென்றால் எங்கே? இடி மின்னலுக்கு என்ன? ஐப்பசி கார்த்திகையில் இங்கே மாடியில் விழாத இடி இல்லை.

கணவாய்க்காற்று:

அலாரம் இரண்டு வகை, ஒன்று மற்றொன்றின் வேலையைச் செய்யாது. எல்பிஜி கசிவு அலாரம் தரையிலிருந்து 30 செ.மீ. உயரத்தில், ஷெட்டிலும் கீழே சிலிண்டர் கூண்டை ஒட்டிய மூடிய அறை ஏதும் இருந்தால் அங்கேயும். கார்பன் மோனாக்சைடு அலாரம் மூச்சு மட்டத்துக்கு, ஒன்றரை மீட்டர் உயரத்தில்: படிக்கூண்டுக்குள் ஒன்று, ஷெட்டுக்கு மிக அருகில் உள்ள இரண்டாம் மாடி அறையில் ஒன்று. ஷெட்டுக்குள்ளே வைத்தால் ஈரமும் சூடும் அதைக் கெடுத்துவிடும். அதன் உணரிக்கு ஆயுள் உண்டு, பின்புறம் அச்சிட்ட ஆண்டு தாண்டினால் பொத்தானை அமுக்கிச் சத்தம் வந்தாலும் நம்பாதீர்கள். அந்தப் பொத்தான் மணியைத்தான் சோதிக்கிறது, உணரியை அல்ல.

இடிக்கு: டேங்கைவிட உயர்ந்தாலும் மாடியில் எல்லாவற்றிலும் உயரமானதாகப் புகைக்குழாய் நிற்கக் கூடாது, அதைவிட உயரமான இடிதாங்கியின் காப்பு வட்டத்துக்குள் இருக்க வேண்டும். கேஸ் குழாயையும் புகைக்குழாயையும் 10 சதுர மி.மீ. செம்புக் கம்பியால் கட்டடத்தின் பொது எர்த்தோடு இணையுங்கள். அதற்காகக் கேஸ் குழாயையே எர்த்தாகப் பயன்படுத்திவிட வேண்டாம், சில எலக்ட்ரீஷியன்கள் செய்கிறார்கள். ஷெட்டுக்குள் சுவிட்ச் வேண்டாம், விளக்கு சுவிட்ச் வெளியே.

பாளை பிட்டர்:

கசிவு வந்தா என்ன செய்யணும்கிறதை ரூம் பையனுக்குப் பழக்குங்க, ஓனருக்கு மட்டும் தெரிஞ்சு பிரயோஜனம் இல்ல. மாடியில வாடை வந்தா ஷெட்டுக்குள்ள போய்ப் பாக்கக் கூடாது. நேரா கீழ போய் மேனிஃபோல்டு மெயின் வால்வை மூடணும், அதுக்கு வாங்குன சாவி அங்கனயே சங்கிலியில தொங்கணும். லைட் எரிஞ்சா எரியட்டும், அணைஞ்சா அணைஞ்சிருக்கட்டும், எந்தச் சுவிட்சையும் தொடக் கூடாது. மாடிப்படிக் கதவைச் சாத்திட்டு ரெண்டாம் மாடி ஆள்களை இறக்குங்க. போன் பேசுததைக் கட்டடத்துக்கு வெளிய வந்து பேசட்டும். எல்பிஜி அவசர எண் 1906, தீயணைப்பு 101. யாருக்காவது தலைவலி, வாந்தின்னு அறையில முடங்கிக் கிடந்தா, அதுவும் ரெண்டு பேருக்கு ஒண்ணா வந்தா, சாப்பாட்டைக் குறை சொல்லுததுக்கு முன்னாடி கீசரை அணைச்சு ஜன்னலைத் திறந்து ஆளை வெளிய கொண்டு வரணும். அப்புறம் ஆஸ்பத்திரி. அங்க 'கேஸ் கீசர் ஓடுச்சு'ன்னு வாயத் திறந்து சொல்லணும், இல்லன்னா டாக்டர் வேற எதையோ தேடிக்கிட்டிருப்பார்.